நிறுத்திய காரை இடித்துவிட்டுப் போய்விட்டால்: வாசகர் கேள்வி பதில்

வாசலில் நிறுத்திய வண்டியை யாரோ இடித்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று இந்த முறை பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள். மாதத் தவணை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். இடித்தவர் கிடைப்பாரா, இன்சூரன்ஸ் பணம் வருமா என்ற இரண்டும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகின்றன. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறோம்.

சத்துவாச்சாரி பேஸ் 2 வாசகர்: இரவு வீட்டு வாசலில் நிறுத்திய கார். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தால் வலது பின் கதவு உள்ளே போயிருந்தது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. பதற்றத்தில் நேராக சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். இப்போது சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர், "இடித்த இடத்தில் எடுத்த போட்டோ இருக்கிறதா?" என்று கேட்கிறார். முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?

வண்டியை நகர்த்தாமல் இருந்திருக்க வேண்டும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் தவிர, முதல் அரை மணி நேரம் கார் அங்கேயே நிற்கட்டும். போட்டோவைத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம். ஒவ்வொன்றிலும் வீட்டு எண், மின்கம்பம், கடைப் பலகை என்று இடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டும் அடியும் ஒரே படத்தில் வருவது மாதிரி ஒன்று. அதன் பிறகுதான் அடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். கிட்டப் படங்களை மட்டும் வைத்திருந்தால் அது எந்தக் கார், எந்தத் தெரு என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியாக, காரைச் சுற்றி நடந்தபடி ஒரு நிமிட வீடியோ எடுங்கள்.

அடுத்து டேப்பை எடுத்து, கீறல் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். பைக் ஹேண்டில் முனை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் உரசும். இன்னொரு காரின் பம்பர் என்றால் பொதுவாக 45 முதல் 60 சென்டிமீட்டருக்குள் பட்டையாக அமுங்கியிருக்கும். குட்டி யானையின் பின்கதவுக் கொக்கி இந்த இரண்டுக்கும் இடையில் ஆழமான ஒற்றைக் கிழிசலாக விழும். கீறல் எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்றும் பாருங்கள். தொடங்கும் இடத்தில் மெலிதாக இருக்கும். முடியும் இடத்தில் பெயின்ட் சுருண்டு, பொடியாகக் குவிந்து நிற்கும். இடித்த வண்டி தெருவில் எந்தத் திசையில் போனது என்பதை அந்தச் சுருள் காட்டிக்கொடுக்கும். எந்த வீட்டு கேமராவைத் தேடிப் போவது என்று அதிலிருந்தே முடிவு செய்யலாம். உங்கள் கார் மேல் வேறு நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள்.

கீழே குனிந்து தரையைப் பாருங்கள். உடைந்த லைட் துண்டு, மிரர் மூடி, பம்பர் ஓரம் என்று எது கிடந்தாலும், கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்த பிறகு ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் துண்டின் உள்பக்கம் திருப்பினால் பார்ட் நம்பரோ, விளக்கு செய்த கம்பெனியின் பெயரோ அச்சாகியிருக்கும். உதிரிப்பாகக் கடையில் அந்த எண்ணைக் காட்டினால் எந்த மாடல் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். "ஒரு வெள்ளைக் கார்" என்று தேடுவதற்கும், "இடது முன் லைட் உடைந்த இன்ன மாடல் வெள்ளைக் கார்" என்று தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிறகு கேமரா. கடைகளிலும் வீடுகளிலும் இருக்கும் பதிவுப் பெட்டிகள் இடம் நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே பதியும். சில பெட்டிகளில் 7 நாள், சிலவற்றில் 15 நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போய்க் கேட்கலாம் என்று விட்டால் பதிவு போயிருக்கும். அன்றைக்கே போய், கடைசியாக வண்டியை நன்றாகப் பார்த்த நேரத்தையும் சேதத்தைப் பார்த்த நேரத்தையும் சொல்லி, அந்த இடைவெளியை மட்டும் பென் டிரைவில் எடுத்துத் தரக் கேளுங்கள். டிவி திரையைச் செல்போனில் படம் பிடித்தால் நம்பர் பிளேட் தெளியாது. பெட்டியின் கடிகாரம் பல இடங்களில் தவறாக ஓடும். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் அருகருகே படம் எடுத்து வையுங்கள். கோர்ட் வரை போனால், பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி அந்தப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் கடைக்காரரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். அதனால் கடைக்காரரிடம் முகம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள். பதிவைத் தருவது அவருடைய நல்ல மனசு. தரத் தயங்கினால் அழிக்காமல் வைத்திருக்கும்படியாவது கேட்டுக்கொண்டு, போலீஸ் மூலம் வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் வண்டி ஏற்கெனவே போய்விட்டது. பரவாயில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டியை உள்ளே எடுத்தபோது போட்ட ஜாப் கார்டும், அவர்கள் எடுத்த படங்களும் தேதி, நேரத்தோடு இருக்கும். நகல் வாங்குங்கள். கார் நின்ற இடத்தில் உடைந்த துண்டுகள் இன்னும் கிடக்கலாம், போய்ப் பாருங்கள். எதிர்வீட்டுக் கேமராவைக் கேளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் சர்வேயர் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது.

காட்பாடி காந்திநகர் வாசகர்: ஸ்டேஷனுக்குப் போனேன். "யாருக்கும் அடிபடவில்லையே, வண்டி நம்பரும் தெரியாது என்கிறீர்கள், என்ன கேஸ் போடுவது?" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு ஆளுக்கு அடிபட்டால் மட்டும் என்று சொல்லவில்லை. மற்றவர் சொத்துக்குச் சேதம் ஆனாலும், இடித்த ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் போனால் 187ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இந்தத் தண்டனை 2019 திருத்தத்தில் கூட்டப்பட்டது. ஆட்கள் நடமாடும் தெருவில் கண்மூடித்தனமாக ஓட்டியிருந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு வரும். வேண்டுமென்றே இடித்தார், ஏற்கெனவே பார்க்கிங் தகராறு இருந்தது என்றால் 324. தெரியாமல் இடித்ததற்கு 324 பொருந்தாது. கோபத்தில் அதையும் சேர்த்து எழுதினால் மனுவின் பலம்தான் குறையும்.

நீங்கள் நேரடியாகக் கேட்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது உங்கள் மனுவைப் பதிவு செய்துகொண்டதற்கான ரசீது. எப்.ஐ.ஆர். போடத் தயங்குகிற இடத்திலும் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். எண் கொடுப்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் நடைமுறை. இன்சூரன்ஸுக்கு, இடித்தவர் யாரென்று தெரியாத சின்னச் சேதத்துக்கு, பெரும்பாலும் அதுவே போதும். வாயால் சொன்னால் வாயாலேயே பதில் வரும். எழுதிக்கொண்டு போங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்:

"என் கார் (பதிவு எண்) இன்ன தேதி இரவு 9.40 மணிக்கு வீட்டு வாசலில், சாலையின் இடது ஓரத்தில் பூட்டி நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை 6.10 மணிக்குப் பார்த்தபோது வலது பின் கதவும் பின் பம்பரும் சேதமடைந்திருந்தன. அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டு நிற்காமல் சென்றுள்ளது. இடத்தில் கிடந்த உடைந்த விளக்குத் துண்டு என்னிடம் உள்ளது. எதிரிலுள்ள கடையிலும் தெருமுனையிலும் கேமராக்கள் உள்ளன. அந்தப் பதிவுகளைக் கைப்பற்றி, வாகனத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும், மனு ரசீது வழங்கவும் வேண்டுகிறேன்."

கேமரா இருக்கும் இடங்களை மனுவிலேயே எழுதுவது முக்கியம். போலீஸ் வைத்த கேமரா பதிவை நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள், அவர்கள்தான் பார்க்க முடியும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லி அலைய விட்டால், குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அதே பிரிவின் உட்பிரிவு 4ன்படி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

இதே கடிதத்தில், அடையாளம் தெரியாத வண்டி இடித்தால் அரசே பணம் கொடுக்கும் என்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கும் திட்டம். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. வண்டிச் சேதத்துக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது.

குடியாத்தம் வாசகி: சிரசுத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்த கூட்டத்தில் தெருமுனையில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் பின் பம்பரை யாரோ உடைத்துவிட்டார்கள். 4 வருட கார். எஸ்டிமேட் 17,000 ரூபாய். "கிளெய்ம் பண்ணாதே, போனஸ் போயிடும்" என்கிறார் கணவர். "கட்டின பணத்தை ஏன் விடணும்" என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உங்களுக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாதுகாப்பு) இல்லை, கார் 1500 சிசிக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்டிமேட்டில் பம்பர் 6,000, பெயின்டிங் 8,000, கூலி 3,000. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் வண்டி எத்தனை வயதானாலும் 50 சதவீதம் தேய்மானம், ஆகவே 3,000தான் வரும். பெயின்டிங்கை ஒரே பில்லாகப் போட்டால் அதில் கால் பங்கை, அதாவது 2,000த்தை, பெயின்ட் பொருள் என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். மீதி 7,000. கூலி முழுதாக 3,000. மொத்தம் 13,000. ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 12,000 ரூபாய் கம்பெனி தரும். உங்கள் கையிலிருந்து 5,000. (1500 சிசிக்கு மேல் என்றால் கட்டாயக் கழிவு 2,000. ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இப்போது மறுபக்கம். கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். நீங்கள் இப்போது 35ல் இருக்கிறீர்கள். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் 45, அதன் பிறகு 50. செய்தால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும்தான், மொத்தப் பிரீமியத்துக்கு அல்ல. உங்கள் பாலிசித் தாளில் போனஸ் கழிப்பதற்கு முன் அந்த வரி 12,000 என்றால், இழப்பு 14,400. வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைவதால் உண்மையில் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனாலும் வரப்போகும் 12,000த்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இடையில் நிஜமாகவே பெரிய அடி ஏதாவது பட்டால் அந்த வருடக் கிளெய்முக்கு இந்தப் போனஸைத் தியாகம் செய்வதில் அர்த்தம் உண்டு. இந்த பம்பருக்காகச் செய்வதில் லாபமில்லை. உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் அதே அடியில் டிக்கிக் கதவும், பின் லைட்டும், உள் தகடும் போய் எஸ்டிமேட் 40,000 ஆகியிருந்தால் உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. பாலிசியில் "என்சிபி புரொடெக்ட்" (கிளெய்ம் செய்தாலும் போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பு) இருந்தாலும் அவர் பக்கம்தான்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். கிளெய்ம் செய்யப் போகிறோமா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லலாம். தகவல் சொல்வதும் பணம் வாங்குவதும் ஒன்றல்ல. பம்பரைக் கழற்றிப் பார்த்து உள்ளே பெரிய சேதம் என்று தெரியும்போது, "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி வராமல் இருக்கும். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை நம்பித் தாமதிக்கவும் வேண்டாம்.

அதே வாசகி: "யாரோ இடித்தார்கள் என்று எழுதினால் போலீஸ் ரசீது கேட்பார்கள். நீங்களே ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடித்ததாக எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று தெரிந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யவே கூடாது. சுவரில் இடித்தால் பம்பரில் சிமென்ட் தூள் ஒட்டும், அடி பின்னாலிருந்து நேராக விழும். வண்டி உரசிப் போன அடி பக்கவாட்டில் ஓடும். சர்வேயர் தினமும் பத்து பம்பரைப் பார்க்கிறவர். கதை பொருந்தவில்லை என்றால் பொய்த் தகவல் என்று கிளெய்மே தள்ளுபடியாகும். உண்மையை எழுதினாலும் கிடைக்கிற பணத்துக்காகப் பொய் எழுதுவானேன்? படிவத்தில் "விபத்தின்போது ஓட்டியவர்" என்ற இடத்தில் யார் பெயரையும் நிரப்பாமல், "வண்டி பூட்டி நிறுத்தியிருந்தது, உள்ளே யாரும் இல்லை" என்று எழுதுங்கள். கடைசியாக ஓட்டி வந்தவரின் லைசென்ஸ் கேட்டால் கொடுங்கள். பழைய கீறலையும் இதோடு சேர்க்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளெய்ம், தனிக் கழிவு.

ராணிப்பேட்டை வாசகர்: என் பழைய காருக்கு தேர்டு பார்ட்டி மட்டும்தான். இடித்தது ஏபி 39 என்று தொடங்கும் சரக்கு வண்டி. கடை கேமராவில் நம்பர் முழுதாகத் தெரிகிறது. சித்தூர்ப் பக்கம் போய் யாரைத் தேடுவேன்?

நம்பர் கிடைத்த பிறகு நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைத்துக் காட்டும், ஆனால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். முழு விவரத்தை போலீஸ் எடுப்பார்கள். உரிமையாளர் யார் ஓட்டினார் என்று சொல்லியே ஆக வேண்டும், 133ஆம் பிரிவு.

உங்கள் சேதத்துக்குப் பணம் தர வேண்டியது அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசி. காரோ ஆட்டோவோ லாரியோ, பொதுவாக 7.5 லட்சம் வரை மற்றவர் சொத்துச் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம். பிரீமியம் குறையட்டும் என்று அந்தப் பாதுகாப்பைக் குறைத்து எழுதியிருந்தால் 6,000 ரூபாய்தான். மீதியை உரிமையாளர் தர வேண்டும். இதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்துத் தீர்ப்பாயம் என்றாலே உயிரிழப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்துச் சேதமும் அதன் வரம்புக்குள்தான் வருகிறது. சித்தூர் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் இடத்துக்கு அதிகாரமுள்ள தீர்ப்பாயத்திலேயே போடலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். எப்.ஐ.ஆர். நகல், பழுது பார்த்த அசல் பில்கள், படங்கள், ஆர்சி, இரண்டு தரப்புப் பாலிசி விவரம் ஆகியவை வேண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் சி.எஸ்.ஆரோடு நிற்காமல் எப்.ஐ.ஆர். கேட்டுப் பெறுங்கள்.

சேதம் 10,000, 15,000 என்றால் வழக்குக்கு அலைவதை விட, ஸ்டேஷனில் வைத்தோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமோ பேசி முடிப்பது நல்லது. ஆணைக்குழுவின் உதவி எண் 15100. பணம் கைக்கு வந்த பிறகு எழுதிக் கொடுங்கள், வரும் முன் அல்ல. முழுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடித்தவரிடம் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு உங்கள் கம்பெனியிடம் போனால் சிக்கல். அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை நீங்களே அடைத்துவிட்டதாகக் கம்பெனி சொல்லும்.

கொசப்பேட்டை வாசகி: கேள்வியை இந்தப் பக்கத்தில் போடுவீர்களா தெரியவில்லை. என் மகன், 20 வயது, லைசென்ஸ் உண்டு. நேற்று ராத்திரி ஸ்கூட்டரில் சறுக்கி, நின்றிருந்த காரின் கதவில் மோதிவிட்டான். பயந்து வந்துவிட்டான். தூங்காமல் இருக்கிறான்.

போடுவோம் அம்மா. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அவன் போயிருந்தால் நல்லது. போகவில்லை என்றால் இன்றைக்கே, அவனைத் தனியாக அனுப்பாமல், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போங்கள். காரின் சொந்தக்காரரைக் கண்டு, "என் பையன்தான் இடித்தான், பயந்துவிட்டான்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி இறங்கிவிடுவார்கள். பெயர், போன் எண், ஸ்கூட்டர் எண், பாலிசி எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்டேஷனிலும் தெரிவியுங்கள். சட்டம் கொடுத்த 24 மணி நேரம் தாண்டியிருந்தாலும், தானாக வந்தவனுக்கும் கேமரா பார்த்துக் கூட்டிவரப்பட்டவனுக்கும் நடத்தப்படும் விதமே வேறு. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். 134ஆம் பிரிவு அதையும் கேட்கிறது. கார்க் கதவுச் செலவை உங்கள் பாலிசி ஏற்க வழி இருக்கிறது. சறுக்கி விழுந்தவனுக்கு உள்காயம் இருக்கிறதா என்று ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

யாரையாவது இடித்துவிட்டு, சொந்தக்காரர் அருகில் இல்லை என்றால், வைப்பர் அடியில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைச் செருகி, அதைப் படமும் எடுத்துவிட்டு வாருங்கள் என்று எல்லா இளைஞர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

தோட்டப்பாளையம் வாசகர்: கட்டண பார்க்கிங்கில் நிறுத்தினேன், சீட்டு இருக்கிறது. திரும்பி வந்தால் ஃபெண்டர் நசுங்கியிருக்கிறது. "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகையைக் காட்டுகிறார்கள்.

பலகை மட்டும் அவர்களைக் காப்பாற்றாது. சாவியை ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்ன வண்டி விஷயத்தில், "உரிமையாளர் பொறுப்பில்" என்ற வாசகத்தைச் சொல்லி ஹோட்டல் கைகழுவ முடியாது என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவி உங்களிடமே இருந்தால் வாதம் அவ்வளவு வலுவில்லை. அப்போது அவர்களுடைய கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். வெளியே எடுக்கும் முன்பே பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் பதிவேட்டில் எழுத வைத்து, கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருடம் வரை அவகாசம், இணையம் வழியாகவும் போடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் செய்து பாருங்கள்.

ஆம்பூர் வாசகர்: வெளியே பார்த்தால் பம்பரில் கீறல் மட்டும்தான். டிங்கர் கடையில் பட்டி வைத்து அடித்துவிடலாமா?

முதலில் கழற்றிப் பாருங்கள். இப்போதைய பம்பர் ரப்பர் பந்து மாதிரி, அமுங்கிவிட்டுத் தானே வெளியே வந்துவிடும், உள்ளே இருப்பது வராது. முன்பக்க அடி என்றால் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம், லைட்டின் பிளாஸ்டிக் காதுகள், ஏசி கண்டென்சர் மூன்றையும் பாருங்கள். கண்டென்சரில் மயிரிழை விரிசல் விட்டால் இரண்டு வாரத்தில் ஏசி குளிராது, சித்திரை வெயிலில்தான் தெரியவரும். பின்பக்க அடி என்றால் டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா பாருங்கள். சுருக்கம் இருந்தால் அது பட்டி வேலை அல்ல. டிக்கிக் கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

சக்கரத்தில் பட்ட அடியை அலட்சியம் செய்யாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் கொப்புளம், வளைந்த டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி), நேரே போகும்போது கோணலாக நிற்கும் ஸ்டீரிங் மூன்றும் உயிரோடு விளையாடும். அலைன்மென்ட் பார்த்து அந்தத் தாளை வாங்கி வையுங்கள். கியரில் போட்டு நிறுத்திய வண்டியை இடித்துத் தள்ளியிருந்தால் கியர்பாக்ஸில் சத்தம் வருகிறதா கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' யில் பூட்டும் சின்னப் பல்லுக்கு அந்த இடி நேராகப் போகும். மின்சார வண்டி என்றால் அடிப்பாகத்தில் பேட்டரிப் பெட்டி மேல் ஒரு கீறல் இருந்தாலும் கம்பெனி சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடாதீர்கள்.

கிளெய்ம் வேலை என்றால், கழற்றிய பிறகு தெரியும் சேதத்தை சர்வேயர் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை எதையும் மாற்றக் கூடாது. மாற்றிய பழைய பாகங்களையும் எறியக் கூடாது. கைக்காசு வேலை என்றால் நல்ல டிங்கரிடம் போவதில் தவறே இல்லை. தகட்டை இழுத்து நேராக்கிவிட்டு, பட்டியை 3 மில்லிமீட்டருக்குள் வைப்பவர்தான் நல்ல டிங்கர். பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பினால் ஒரு வருடத்தில் வெடிப்பு விடும். வேலை முடிந்ததும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனான இடத்தில் காந்தம் பிடிக்காது. பெயின்ட் கோடு கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். கண் மதிப்பில் நிறம் கலக்க விடாதீர்கள்.

வேலூர் பாகாயம் வாசகர்: டேஷ் கேமரா வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

ஓடும்போது மட்டும் பதியும் கேமரா தீர்க்காது. நிறுத்தியிருக்கும்போதும் விழித்திருக்க, மூன்று வயர் கொண்ட ஹார்டுவயர் கிட் வேண்டும். ஒன்று எப்போதும் மின்சாரம் வரும் இணைப்புக்கு, ஒன்று சாவி போட்டால் வரும் இணைப்புக்கு, ஒன்று எர்த்துக்கு. ஃபியூஸ் பெட்டியில் 'ஃபியூஸ் டேப்' என்ற சின்ன இணைப்பியைச் செருகி எடுக்கச் சொல்லுங்கள், வயரை வெட்டினால் வாரண்டி தகராறு வரும். பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமரா தானே அணைவது மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நம் ஊர் வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடிக்குள் மாட்ட லித்தியம் பேட்டரி கேமராவை விட கெப்பாசிட்டர் கேமராதான் நல்லது, பேட்டரி உப்பிவிடும். கார்டு 'ஹை எண்டியூரன்ஸ்' (ஓயாமல் பதிந்தாலும் தாங்கும்) ரகமாக வாங்குங்கள். 64 ஜிபி கார்டில் சுமார் 8 மணி நேரம்தான் நிற்கும், அதற்குள் பழையது அழியும். அதனால் அடி கண்ட காலையில் முதல் வேலையாக கார்டைக் கழற்றிவிடுங்கள். முன் கேமரா மட்டும் வைத்தால் பக்கத்தில் உரசினவன் தெரியமாட்டான்.

தினமும் ஒரே இடத்தில் வாசலில்தான் நிறுத்துகிறீர்கள் என்றால், அதே பணத்துக்கு வீட்டுக் கேமரா ஒன்றைத் தெருப் பக்கம் திருப்பி வைப்பது இன்னும் உபயோகம். மொட்டைமாடிக் கைப்பிடியில் மாட்டினால் வண்டிகளின் கூரைதான் பதியும். கேட் தூணில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, தெருவின் நீளவாக்கில் பார்ப்பது மாதிரி மாட்டுங்கள். மாட்டிய அன்றே இரவு, தெரிந்தவர் பைக்கை ஹெட்லைட் போட்டு ஓட்டி வரச் சொல்லி, நம்பர் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் திருகை இறுக்குங்கள்.